கல்லைக் கையில் எடுக்கும் மாணவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

புவி அறிவியலிலும் கோள் அறிவியலிலும் மாணவர்கள் செய்யக்கூடிய ஆய்வுகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். பெரிய ஆய்வுக்கூடமோ விலை உயர்ந்த கருவியோ இல்லாதவர் செய்வது ஆய்வாகுமா என்ற ஐயம் பெரும்பாலான கடிதங்களில் தெரிகிறது. ஆகும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கையில் இருப்பதைக் கொண்டு விடை காணக்கூடிய கேள்வியாக அது அமைய வேண்டும்.

கேள்வி: இளநிலை நிலவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதிப் பருவத்தில் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். நிலவைப் பற்றிச் செய்ய வேண்டும் என்று ஆசை. எங்கள் துறையில் இருப்பவை சில மைக்ரோஸ்கோப்புகளும் கல் வெட்டும் இயந்திரமும்தான். இது நடக்கக்கூடியதா, ஐயா?
— கல்லூரி மாணவி, சேலம்

பதில்: நடக்கும் அம்மா. அதற்கு வேண்டிய கல், நீங்கள் காலையில் பேருந்து ஏறினால் மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் கிடக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் சுற்றுப்புறத்தில் வெளித்தெரியும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை, நிலவின் மேட்டுநிலங்களை ஆக்கியிருக்கும் பாறையோடு கனிம அமைப்பில் மிக நெருக்கமானது. இரண்டிலும் கால்சியம் மிகுந்த பிளஜியோகிளேஸ் என்ற கனிமமே பெரும்பங்கு. அதனால்தான் சந்திரயான் தரையிறங்கு கலங்களையும் ஊர்திகளையும் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணை இந்தப் பாறையை அரைத்து இஸ்ரோ உருவாக்கியது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் அதில் பங்கேற்றது. அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது. பாறையின் கனிமவியலை விரிவாக விளக்கும் கட்டுரையை ஏ.பி. சுப்பிரமணியம் 1956-லேயே வெளியிட்டிருக்கிறார். அதைத் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆனால் சித்தம்பூண்டிக் கல் நிலவுக் கல் அன்று. நிலவின் அனார்த்தோசைட் 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. சித்தம்பூண்டிப் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. முன்னது, நிலவு பிறந்த காலத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக்குழம்பாக இருந்தபோது, எடை குறைந்த பிளஜியோகிளேஸ் படிகங்கள் மேலே மிதந்து சேர்ந்து உருவானது என்று கருதப்படுகிறது. அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் இருந்த சிறு வெண்துணுக்குகளைப் பார்த்து 1970-இல் முன்வைக்கப்பட்ட கருத்து இது. சந்திரயான் 3-இன் பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் நகர்ந்து 23 இடங்களில் அளந்த மண்ணின் கூறுகளும் இந்தக் கருத்துக்கு இசைவாகவே இருந்தன என்று 2024-இல் வெளியான கட்டுரை காட்டியது. சித்தம்பூண்டிப் பாறையோ பூமியின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறியது. அதில் ஹார்ன்பிளெண்ட் உண்டு. அது நீரின் கூறைத் தன் படிகத்துக்குள் வைத்திருக்கும் கனிமம். நீர் மிக அரிதான நிலவின் அனார்த்தோசைட்டில் அந்த இடத்தில் பைராக்சீன், ஆலிவின் என்ற கனிமங்கள் இருக்கும்.

உங்கள் புராஜெக்ட் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. "சித்தம்பூண்டியும் நிலவும்" என்று தலைப்பு வைத்துவிட்டால் ஒரு பருவத்தில் எதையும் முடிக்க இயலாது. "பாறைத்தொகுதியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும்போது ஹார்ன்பிளெண்டின் அளவு மாறுகிறதா?" என்று கேட்டால், ஒரே கோட்டில் ஏழெட்டு இடங்களில் மாதிரி எடுத்து, தின் செக்‌ஷன் தயாரித்து, சம இடைவெளிப் புள்ளிகளில் எந்தக் கனிமம் இருக்கிறது என்று எண்ணும் முறையில் கனிமங்களின் விகிதத்தைக் கணக்கிட்டு, ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். தேய்த்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்த அந்தச் சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்து மேடையைச் சுழற்றிப் பாருங்கள். பிளஜியோகிளேஸ் நிறமற்றுக் கிடக்க, ஹார்ன்பிளெண்ட் மட்டும் இளம்பச்சையிலிருந்து அடர்பச்சைக்கோ பழுப்புக்கோ மாறிக்கொண்டிருக்கும். ஒளி வடிகட்டியான மேல் போலராய்டையும் செருகினால் பிளஜியோகிளேஸில் கறுப்பும் சாம்பலுமாக இணைகோட்டுப் பட்டைகள் எழும். பல இடங்களில் மூன்று கனிம மணிகள் ஒரு புள்ளியில் ஏறக்குறைய 120 பாகைக் கோணத்தில் சந்திப்பதையும் காணலாம்; திண்ம நிலையிலேயே வெப்பத்தால் மறுபடிகமானதன் அடையாளம் அது. இந்த மூன்றையும் வரைந்து, அளந்து, ஒவ்வொரு மாதிரிக்கும் அட்டவணையிட்டால், முதுநிலை மாணவர்களும் மதிக்கும் வேலையாக அது இருக்கும்.

பாறை வெளித்தெரியும் இடங்களில் பல, தனியார் நிலங்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் சுத்தியலை எடுங்கள். மாதிரி எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் அளவை அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் உழும்போது முஷ்டி அளவுக்குக் கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. காந்தம் நன்றாக ஒட்டுகிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் இதை விண்கல் என்று சொல்லி, அறிவியல் கண்காட்சியில் வைக்க விரும்புகிறான். எப்படி உறுதி செய்வது?
— வாசகர், ஓமலூர்

பதில்: உங்கள் பகுதியில் காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. சேலத்தை அடுத்த கஞ்சமலை முழுவதும், காந்தம் ஒட்டும் மேக்னடைட் என்ற கனிமம் கலந்த இரும்புப் பாறை இருக்கிறது. அதன் துண்டுகள் மழைநீரில் அடித்துவரப்பட்டுச் சுற்றுப்புற நிலங்களிலெல்லாம் கிடக்கும். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய கசடும் நம் வயல்களில் கிடைப்பதுண்டு.

மகனிடம் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளைச் சொல்லுங்கள். தரை ஓட்டின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேய்க்க வேண்டும். கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட் என்றும், செந்நிறக் கோடு விழுந்தால் ஹேமடைட் என்ற இன்னோர் இரும்புக் கனிமம் என்றும் ஊகிக்கலாம். விண்கல் பெரும்பாலும் கோடு விடாது. உடைந்த முகத்தில் குமிழி போன்ற துளைகள் நிறைய இருந்தால் அது கசடாகவே இருக்கும். வெளிப்புறத்தில் மெல்லிய கருந்தோலும், உடைந்த முகத்தில் உள்ளே வெளிர்நிறமும், ஆங்காங்கே மின்னும் உலோகப் பொட்டுகளும், கடுகளவு உருண்டை மணிகளும் தெரிந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம். அப்போதும் கல்லை அறுக்கவோ அமிலத்தில் போடவோ வேண்டாம். நம் நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு மையம். சென்னையில் அதன் அலுவலகம் இருக்கிறது. படமும் எடையும் கிடைத்த இடமும் குறித்து அவர்களுக்கு எழுதலாம்.

கண்காட்சிக்கு ஒரு யோசனை. "இது விண்கல்" என்று எழுதி வைப்பதைவிட, "இது விண்கல்லா? நான் செய்த சோதனைகள்" என்று வைக்கச் சொல்லுங்கள். கல் கஞ்சமலையிலிருந்து வந்ததாகவே இருந்தாலும் அவன் செய்த வேலை வீணாகாது.

கேள்வி: நான் கணினி அறிவியல் மாணவன். நிலவியல் படித்ததில்லை. சந்திரயான் எடுத்த படங்களை வைத்து ஏதாவது ஆய்வு செய்ய முடியுமா? படங்கள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா? செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிலவின் பள்ளங்களை எண்ணலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: படங்கள் கிடைக்கும், கட்டணமும் இல்லை. சந்திரயான் 2-இன் தரவுகளை இஸ்ரோவின் பிரதான் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு யாரும் பெறலாம். நாசாவின் எல்ஆர்ஓ சுற்றுக்கலம் எடுத்த படங்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் காணலாம். அவற்றைத் திறந்து அளக்க க்யூஜிஐஎஸ், ஜேமார்ஸ் போன்ற மென்பொருள்களும் இலவசமாகவே உள்ளன.

நீங்கள் சொன்ன பள்ளங்களை, அதாவது விண்கற்கள் மோதி உண்டான கிண்ணக்குழிகளை, எண்ணுவது நல்ல தேர்வு. ஒரு நிலப்பரப்பு எவ்வளவு காலம் வெளியில் திறந்து கிடந்ததோ அவ்வளவு அதிகமான விண்கற்கள் அதன்மேல் விழுந்திருக்கும். ஆகவே சதுர கிலோமீட்டருக்கு இன்ன அளவில் இத்தனை குழிகள் என்று எண்ணினால் அந்தப் பரப்பின் வயதை மதிப்பிடலாம். இந்த எண்ணிக்கையை ஆண்டுகளாக மாற்றும் அளவுகோல், அப்பல்லோவும் ரஷ்ய லூனா கலங்களும் கொண்டுவந்த கற்களின் வயதை வைத்துக் கட்டப்பட்டது. அந்த அளவுகோலில் 300 கோடி ஆண்டுகளுக்கும் 100 கோடி ஆண்டுகளுக்கும் இடையில் வெகுகாலம் மாதிரி எதுவும் இல்லாமல் இருந்தது. 2020 டிசம்பரில் சீனாவின் சாங் இ 5 கொண்டுவந்த எரிமலைப் பாறைக்கு ஏறத்தாழ 200 கோடி ஆண்டு வயது என்று தெரிந்த பிறகுதான் அந்த இடைவெளியில் ஒரு புள்ளி விழுந்தது.

செயற்கை நுண்ணறிவுக்குப் போகுமுன் கையால் எண்ணுங்கள் என்று வலியுறுத்துகிறேன். ஒரு சிறு பரப்பை எடுத்துக்கொண்டு நீங்களும் உங்கள் நண்பரும் ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராது. பல ஆண்டு அனுபவமுள்ள வல்லுநர்களுக்கிடையிலும் கணிசமான வேறுபாடு இருப்பதை 2014-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. அந்த வேறுபாடுதான் உங்கள் முறையின் பிழை அளவு. அதை அளக்காமல் நிரலுக்குப் பயிற்சி கொடுத்தால், ஒரு மனிதரின் பழக்கத்தை இயந்திரம் கற்றுக்கொண்டது என்பதற்கு மேல் எதையும் நீங்கள் நிறுவியிருக்க மாட்டீர்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. சந்திரயான் 2-இன் நிலப்பரப்புக் கேமராவில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 5 மீட்டர். பத்துப் படப்புள்ளிக்குக் குறைவான குழியை நம்பி எண்ணக்கூடாது என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டருக்குக் குறைந்தவற்றை விட்டுவிட வேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுத்த படத்தில் ஆழமில்லாத குழிகூட நிழலால் தெரியும். உச்சியில் இருக்கும்போது அதே குழி மறைந்துவிடும். ஆகவே வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த இரு படங்களின் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடலாகாது. ஒரு பெரிய மோதலில் சிதறிய துண்டுகள் விழுந்து உண்டாக்கும் இரண்டாம்நிலைக் குழிகள் கொத்தாகவோ சங்கிலியாகவோ இருக்கும். அவற்றையும் சேர்த்துவிட்டால் பரப்பின் வயது பொய்யாகக் கூடிவிடும். இவற்றை அடையாளம் காண உங்கள் ஊரில் நிலவியல் படித்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாணவர்கள் செய்வது பயிற்சிதானே, அதை ஆய்வு என்று அழைப்பது மிகை அல்லவா? புதிதாக ஒன்றை மாணவர் கண்டுபிடித்த சான்று இந்தத் துறையில் உண்டா?
— ஓய்வுபெற்ற அலுவலர், திருநெல்வேலி

பதில்: உண்டு. ஒன்று இந்தியப் பெருங்கடலோடு தொடர்புடையது. 1962-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்ந்த ஃபிரெட் வைன் என்பவரிடம், அவருடைய நெறியாளர் டிரம்மண்ட் மேத்யூஸ் ஒரு தரவுத் தொகுதியைக் கொடுத்தார். இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் கடலடியில் ஓடும் கார்ல்ஸ்பர்க் முகட்டின்மேல் கப்பலில் சென்று எடுத்த காந்த அளவீடுகள் அவை. முகட்டுக்கு அருகில் கடல்தரையின் காந்தம் ஓரிடத்தில் இன்றைய வடதிசையையும் ஓரிடத்தில் அதற்கு நேரெதிர் திசையையும் காட்டியது. கடல்தரை முகட்டில் புதிதாகப் பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது, அது குளிர்ந்து இறுகிய காலத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையைத் தன்னில் பதித்துக்கொள்கிறது என்று இருவரும் 1963 செப்டம்பரில் நேச்சர் இதழில் எழுதினார்கள். கண்டங்கள் நகர்வதை உலகம் ஏற்றுக்கொள்ள வழிவகுத்த கட்டுரைகளில் அது முதன்மையானது. வைனுக்கு அப்போது 24 வயது. அதே கருத்தைத் தனியாக எழுதிய கனடாவின் லாரன்ஸ் மார்லியின் கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இன்னொன்று அண்மைக் காலத்தது. நேபாளத்தில் பிறந்து அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த லுஜேந்திர ஓஜா, செவ்வாயின் ஒரே சரிவை வெவ்வேறு காலங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, வெப்பமான பருவத்தில் நீண்டு குளிர்ந்த பருவத்தில் மங்கும் கருங்கோடுகளைக் கண்டார். 2011-இல் சயன்ஸ் இதழில் அது வெளியானது. உப்புநீர் வழிவதால் அவை உண்டாகலாம் என்ற கருத்து வலுப்பெற்று, 2015-இல் ஓஜாவை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. 2017-இல் வேறொரு குழுவினர் சரிவுகளின் சாய்வை அளந்து, உலர்ந்த மணல் சரிந்து நிற்கக்கூடிய சாய்விலேயே கோடுகளும் முடிகின்றன, நீர் தேவையில்லை என்று வாதிட்டார்கள். கோடுகள் உண்மை, விளக்கம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. ஓஜாவின் பங்கு இதனால் குறைந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். அவர் பார்த்துச் சொல்லியிராவிட்டால் மற்றவர்களுக்கு அளக்க ஒன்றும் இருந்திராது.

நம் மண்ணிலும் சான்று உண்டு, அவர் மாணவர் இல்லை என்றாலும். 2019 செப்டம்பரில் நிலவில் மோதிய சந்திரயான் 2-இன் விக்ரம் தரையிறங்கு கலத்தின் சிதறலை, மோதலுக்கு முன்னும் பின்னும் நாசா எடுத்த படங்களைத் தன் கணினியில் பொறுமையாக ஒப்பிட்டு அடையாளம் கண்டவர் சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அந்த ஆண்டு டிசம்பரில் நாசா அவர் பெயரைக் குறிப்பிட்டே அதை அறிவித்தது. வைனும் ஓஜாவும் இவரும் பார்த்தவை பிறர் சேகரித்துவைத்த தரவுகள்தாம். அவற்றோடு உட்கார நேரமும், ஒவ்வொரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளும் ஒழுங்கும் இவர்களிடம் இருந்தன. மாணவர்களிடம் அந்த நேரம் இருக்கிறது.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். எங்கள் பக்கத்தில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் தாராளமாகக் கிடைப்பதால் மாணவர்கள் பொறுக்கி வந்து பள்ளியில் குவித்துவிட்டார்கள். இதை ஓர் ஆய்வாக மாற்ற வழி சொல்லுங்கள்.
— ஆசிரியை, அரியலூர்

பதில்: முதலில் பொறுக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரியாத புதைபடிவம் அலமாரிக்கு அழகு தருமேயன்றி ஆய்வுக்கு ஏறக்குறைய பயனற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு உங்கள் பகுதியின் அடுக்குகளை வரைபடமாக்கியதும், புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா அங்கே கிடைத்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டு உயிரினங்களையும் விரிவாக எழுதியதும் இன்றுவரை பயன்படுவதற்குக் காரணம், எது எங்கே கிடைத்தது என்ற பதிவுதான்.

எதையும் எடுக்காமலே செய்யக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா என்ற தடித்த சிப்பிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். பாதுகாப்பான, அனுமதி பெற்ற ஓர் இடத்தில் கயிற்றால் ஒரு மீட்டர்ச் சதுரம் கட்டி, அதற்குள் இரண்டு ஓடும் சேர்ந்திருக்கும் சிப்பிகள் எத்தனை, ஒற்றை ஓடாகக் கிடப்பவை எத்தனை, உடைந்தவை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஓடுகள் பிரியாமல் இருந்தால் அந்த உயிர் வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே விரைவாகப் புதைந்திருக்க வேண்டும். ஒற்றையாகவும் உடைந்தும் கிடந்தால் அலை புரட்டியிருக்க வேண்டும். அடுக்கடுக்காக இப்படி எண்ணிக்கொண்டே மேலே வந்தால், அந்தப் பழைய கடல் எப்போது அமைதியாக இருந்தது, எப்போது கொந்தளித்தது என்ற கேள்விக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எண்களோடு பதில் சொல்வார்கள். சிமெண்ட் ஆலைகளின் இயங்கும் சுரங்கங்களுக்குள் அவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம்.

ஏற்கெனவே குவிந்தவற்றில், எடுத்த இடம் பிள்ளைகளுக்கு நினைவிருப்பவற்றை மட்டும் இன்றே எண்ணிட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி: மகள் பொறியியலை விட்டுவிட்டு ஜியாலஜி படிக்கிறேன் என்கிறாள். பிழைக்க வழி உண்டா?
— தந்தை, தூத்துக்குடி

பதில்: உண்டு. தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. இளநிலைக்குப் பின் ஜாம் தேர்வெழுதி ஐஐடிகளில் முதுநிலை சேரலாம். முதுநிலைக்குப் பின் யூபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு, நிலத்தடி நீர், சுரங்கம், எண்ணெய் நிறுவனங்கள் எனப் பல வழிகள் உள்ளன. கோள் அறிவியலில் முனைவர் பட்டம் செய்ய அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் சிறந்த இடம். படிக்கும்போதே இந்திய அறிவியல் கழகங்கள் கூட்டாக நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வெயிலில் அலையும் படிப்பு இது. அதற்கு அவள் தயாராக இருந்தால் தடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் சிலர் புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி ஆய்வறிக்கை வாங்குகிறார்கள். ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிட்டுத் தருவதாகப் பன்னாட்டு இதழ் என்ற பெயரில் மின்னஞ்சலும் வருகிறது. நேர்மையாகச் செய்பவர்கள் பின்தங்கிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
— முதுநிலை மாணவி, திருச்சி

பதில்: உங்கள் பயம் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில் உங்களிடம் கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, "இந்த மாதிரியை எங்கே எடுத்தீர்கள், ஏன் அங்கே?" என்றுதான் துருவித் துருவிக் கேட்பார்கள். விலைக்கு வாங்கியவரால் அந்த இரண்டாவது கேள்வியைத் தாண்ட இயலாது. துறை வல்லுநர் இருவர் மூவர் படித்துக் குறை சொல்லித் திருப்பி அனுப்பி, திருத்தி வாங்கிப் பிறகு வெளியிடுவதற்குப் பெரும்பாலும் மாதக்கணக்காகும். ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்பவர் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை என்று பொருள். அத்தகைய இதழில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அதே தரவை நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாமல் போகும்.

கட்டுரை வெளிவரத் தாமதமாகட்டும். அதற்குள் களக்குறிப்பேட்டின் நகலையும், எண்ணிட்ட மாதிரிகளையும், தின் செக்‌ஷன்களையும், எடுத்த இடங்களின் வரைபடத்தையும் ஒரே பெட்டியில் இட்டு உங்கள் துறையின் அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் அதே இடத்துக்குத் திரும்பிப் போகாமல் உங்கள் அளவீட்டைச் சரிபார்த்து, நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்க அது உதவும்.